மூணாம் தரத்துக்கு முந்தின டீ

இது நடந்த கதை. எலப்புள்ளிச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வெண்டைக்காய் மூட்டைகூடத் தலையாட்டும். ஒரு சொல் பொய் கிடையாது.

சரி, ஒரு சொல் இருக்கலாம். ஒரு கை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிப் பெட்டியின் மேல்வரிசையில் மட்டும் நல்ல பழமாகப் பார்த்து அடுக்குவார்கள் இல்லையா, அதுபோல நாலு இடத்தில் கொஞ்சம் பளபளப்பு. அடியில் இருப்பது அத்தனையும் தோட்டத்துச் சரக்கு. எது மேல்வரிசை, எது அடிவரிசை என்று கடைசியில் நீங்களே சண்டை போட்டுக் கண்டுபிடியுங்கள்.

மருதாத்தாளுக்கு ஐம்பத்தொரு வயது. கோபிநாத்தின் காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவள். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஏலம் கூறிக்கொண்டிருந்த ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தராசடியில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை முந்தானையில் குத்திவிட்டு எழுந்து, "ஒரு தரம்" என்றாள். பக்கத்து ஊர் கஞ்சிக்கோட்டில் பேக்டரிச் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் சோற்றுத் தூக்கைத் திறந்துவிட்டார்கள். மாநில எல்லையில், வாளையார் செக்போஸ்ட்டில் கம்பி தானாக மேலே போனதாகவும் பேச்சு உண்டு. தொண்டை சரியாகித் திரும்பி வந்த ஆளுக்குச் சாக்குத் தைக்கிற வேலைதான் மிச்சமிருந்தது.

அவள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. "ஒரு தரம்" சொல்வாள். "ரெண்டு தரம்" சொல்வாள். அப்புறம் டீ டம்ளரை எடுத்து வாயில் வைப்பாள். குடித்துக்கொண்டே டம்ளர் விளிம்புக்கு மேலாகக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கேட்கலாமா வேண்டாமா என்று தவிக்கிறவன் எவன் என்று அவளுக்குத் தெரியும். அவன் ஒரு முடிவுக்கு வருகிற வரைக்கும் டீ தீராது. அவன் வாய் திறந்துவிட்டால் மறுபடி ஒரு தரத்திலிருந்து ஆரம்பம். எல்லா வாயும் தானாக ஓய்ந்த பிறகுதான் மூணாம் தரம். ஒரு பாகற்காய்ப் பெட்டிக்கு ஒன்பது டீ குடித்திருக்கிறாள்.

"ஏலம்னா வாய் தீரோணும். நேரம் தீரக்கூடாதுங்க," என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு கைபேசி கவிழ்த்தது.

அவள் மகள் தமிழ்ப்ரியா கஞ்சிக்கோட்டில் பேக்கிங் சூப்பர்வைசர். பழைய சாமான்களை ஆன்லைனில் ஏலம் விடுகிற ஆப் ஒன்றைச் சும்மா தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மாவிடம் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"இங்க பாரும்மா, பழைய தேயிலை டப்பா. துருப்புடிச்சதுக்கெல்லாம் ஆளுக அடிச்சுக்கறாங்க."

மருதாத்தாள் பார்த்தாள். தகர டப்பாவின் மேல் ஒரு பெண். தலையில் துணி, முதுகில் கூடை, இரண்டு விரலுக்கு நடுவே கொழுந்து. இடது புருவத்தில் ஒரு வெட்டு.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் கால் தரையில் இல்லை. காரணம் இதுதான். அவள் அப்பன் பொங்கியண்ணன் லாரி டிரைவர். மலைக்கு மேலே அரிசி ஏற்றிப் போவான், கீழே கோஸ் ஏற்றி வருவான். ஒரு நடை கோஸோடு மாடத்தியும் வந்தாள், சின்னக்கானல் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். மருதாத்தாளுக்கு ஆறு வயதாகும்போது மாடத்தி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒரு போட்டோ கிடையாது. "உன்ற ஆத்தாளை எஸ்டேட்டுக்காரங்க படம் புடிச்சு டீ டப்பாவுல போட்டாங்க கண்ணு. புருவத்துல, செடி வெட்டற கவாத்துக் கத்தி பட்ட வெட்டு இருக்கும்," என்று அப்பன் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த டப்பாவை அவன் கண்ணிலும் காட்டியதில்லை. முகம் மறந்துபோன ஆத்தாளிடமிருந்து மருதாத்தாளிடம் மிஞ்சியது ஒரே ஒரு கூப்பாடுதான்: "சின்னவளே". ஒற்றைப் பிள்ளையை எதற்குச் சின்னவளே என்று கூப்பிட வேண்டும்? மலைக்காரர் பேச்சு அப்படித்தான் என்பான் அப்பன்.

டப்பா ஏலம் முடிய ஒரு வாரம் இருந்தது. முந்நூறு ரூபாயில் நின்றதை அவள் எடுத்த எடுப்பிலேயே இரண்டாயிரத்துக்குக் கேட்டாள்.

"ஏம்மா, இப்பவே எதுக்குக் கேக்கறே? கடைசி நிமிசத்துல கேட்டாப் போதும்," என்றாள் தமிழ்ப்ரியா.

"மறைஞ்சு நின்னு கேக்கறதுக்கு நானென்ன களவாணியா? ஆளு நிக்குதுன்னு மொதல்லயே தெரியோணும்."

அதோடு விடவில்லை. சந்தையில் ஒருவன் வந்து, "என்ற மகளுக்குக் கல்யாணங்க, இந்தப் பூசணி எனக்கு வேணும்," என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அது அங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டம் ஆப்புக்குள்ளும் ஓடும் என்று நினைத்து, ஆப்பில் டப்பா படத்துக்கு அடியில் மகளை விட்டு எழுதவைத்தாள்: "இது என்ற ஆத்தா. யாரும் கேக்காதீங்க. சந்தேகம்னா இந்த நெம்பருக்குக் கூப்புடுங்க."

ஒருத்தரும் கூப்பிடவில்லை. விலைதான் ஏறியது. விடமாட்டாள் என்று தெரிந்த ஆளிடம் யார்தான் விளையாடமாட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு முடிவு. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் அவள்தான் முன்னால். திரையில் மூன்று, இரண்டு, ஒன்று. விலை நாலாயிரம் என்று மாறியது. கீழே, "முடிந்தது" என்று வந்தது. பெயர் யாரோ ஒரு பாம்பே வியாபாரி.

மருதாத்தாள் திறந்த வாய் திறந்தபடியே இருந்தாள். ஒரு ஈ உள்ளே போய், இடம் பிடிக்காமல் வெளியே வந்தது.

"ஒரு தரம்கூடச் சொல்லலையே," என்றாள் அரைமணி நேரம் கழித்து. "எனக்கு இன்னும் வாய் தீரலையே."

மறுநாள் மண்டி இரண்டாகப் பிரிந்தது. கோபிநாத் கொதித்தார். "பச்சைக் களவு. கடைசி நொடில வந்து அடிச்சுட்டுப் போறவன் ஏலக்காரனா? பிக்பாக்கெட்டு."

கட்டப்பனைக்குக் காய் ஏற்றுகிற லாரிக்கார ஜோமோன் ஒத்துக்கொள்ளவில்லை. "ரூல் ரூல்தான் சேச்சி. டைம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? கேஸு போட்டுக் கோடதிக்குப் போனாலும் நிக்காது."

மூன்று மாதம் கழித்து அதே டப்பா மறுபடி வந்தது. அதே நெளிவு, அதே துரு. பாம்பேக்காரன் விலை ஏற்றி விற்கிறான். இந்த முறை மருதாத்தாள் மூச்சு விடவில்லை. ஒரு ரூபாய் கேட்கவில்லை, ஒரு வரி எழுதவில்லை. வேறு யாரோ முதல் நாளிலிருந்தே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடியில் எழுதியும் இருந்தார்கள்: "எங்கம்மா படம். தயவுசெஞ்சு விட்டுக்குடுங்க."

மருதாத்தாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தியா, என்ற பேச்சையே திருடி எனக்கே விக்கறானுங்க."

அன்று ஏலம் முடிவது பகல் பதினொன்றுக்கு. மண்டியில் பாகற்காய் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு தரம்" என்றாள். "ரெண்டு தரம்" என்றாள். கை டம்ளருக்குப் போகவில்லை, கைபேசிக்குப் போனது. இரண்டு நொடி மிச்சமிருக்கும்போது ஒரே அழுத்து. ஏழாயிரத்து நூறு. அவளுடையது. அந்தச் சந்தோஷத்தில், "மூணு தரம்" என்று பாகற்காயையும் முடித்துவிட்டாள்.

"சேச்சி, நான் கேக்க வாய் திறந்தேன்," என்றான் ஜோமோன்.

இருபது வருடத்தில் டீ குடிக்காமல் அவள் சொன்ன முதல் மூணாம் தரம் அது. பாகற்காய்ப் பெட்டிகளே திகைத்துப்போயின.

எட்டாம் நாள் பார்சல் மண்டிக்கே வந்தது. கோபிநாத் கத்தியால் கீறினார். சுமைக்காரர்கள், ஜோமோன், டீக்கடைக்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். மருதாத்தாள் டப்பாவை முந்தானையால் துடைத்தாள். புருவத்து வெட்டை விரலால் தடவினாள். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. கை இரண்டும் டப்பாவில் இருந்ததால், ஒரு விரலை மட்டும் நீட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான் ஆனந்தி பேசுதேன், சின்னக்கானல்ல இருந்து. ரிசார்ட்டு அடுக்களையில வேலை. பழைய ஏலத்துக்கு அடியில உங்க நம்பர் கெடந்துச்சு. டப்பாவ எடுத்தது நீங்கதானக்கா?"

"நாந்தான் அம்முணி. ஏன்?"

"நான் ஏழு நாளா கேட்டுக்கிட்டு இருந்தேன். கடைசி ரெண்டு செகண்டுல எடுத்துட்டீகளே. அது எங்கம்மாக்கா."

"உங்கம்மாளா?" மருதாத்தாளின் குரல் வாளையாரைத் தொட்டது. "ஏனம்முணி, கொழுந்து கிள்ற பொம்பளைக அத்தனை பேரும் தலையில துணி கட்டித்தான் இருப்பாங்க. இது என்ற ஆத்தா. புருவத்துல வெட்டு இருக்குது."

"கவாத்துக் கத்தி பட்டது. எடது புருவம்."

மருதாத்தாள் டப்பாவைப் பார்த்தாள். இடது புருவம்தான். படத்தில் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கத்தி படத்தில் இல்லையே.

"பேரு சொல்லு பாக்கலாம்."

"மாடத்தி."

கூட்டத்தில் ஒருவர் தும்ம வந்ததை நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு வயசுல என்னைய எஸ்டேட்டு லயத்து வீட்டுல போட்டுட்டு, கோஸ் லாரிக்காரன் ஒருத்தன்கூட இறங்கிப் போயிட்டாளாம்," என்றது கைபேசி. "எங்க சித்திதான் வளத்தா. டப்பாவுல இருக்கது என்னப் பெத்தவன்னு அவதான் சொன்னா. எங்கிட்ட வேற படம் இல்ல."

மருதாத்தாள் தராசுத் தட்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்பன் ஓட்டியது கோஸ் லாரி. அவன் ஒரு நாளும் மேலே இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னதில்லை. சின்னவளே, சின்னவளே என்று நாற்பத்தைந்து வருடமாகக் காதுக்குள் கிடந்த சத்தம் இப்போதுதான் அர்த்தமாயிற்று. ஆத்தாள் ஒவ்வொரு தடவை கூப்பிட்டபோதும் பெரியவள் ஒருத்தியை எண்ணித்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "உட்டுட்டுப் போனவ படம் உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டாள். அம்முணி போய், ங்க வந்துவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

"ஏசி வையுததுக்காவது ஒரு மொகம் வேணும்லாக்கா," என்றாள் ஆனந்தி.

"அக்கான்னு சொல்லாதீங்க. நீங்கதான் பெரியவ." மருதாத்தாள் எழுந்தாள். "லைன்லயே இருங்க. அந்த ஏலம் செல்லாது. நான் டீ குடிக்கலே."

டப்பாவைத் தராசுத் தட்டில் வைத்தாள். கைபேசியைப் பக்கத்தில் சாய்த்தாள்.

"சரக்கு ஒண்ணு. கேக்கறவங்க ரெண்டு பேரு. காசுல கேள்வி இல்லே. ஆத்தாகூட எத்தனை வருசம் இருந்தோம்னு சொல்லோணும். யாருது கொறைச்சலோ, அவங்களுக்குச் சரக்கு. எனக்கு ஆறு."

கைபேசி சொன்னது: "எனக்கு ரெண்டு."

"ரெண்டு. ஒரு தரம்." கஞ்சிக்கோட்டுச் சங்கை வெட்கப்படவைத்த தொண்டை, பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்கவில்லை. "ரெண்டு தரம்."

டம்ளரை எடுத்து வாயில் வைத்தாள். விளிம்புக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தாள். தவிக்கிற முகத்தைத் தேடினாள். கூட்டத்தில் அப்படி ஒரு முகமும் இல்லை.

"நிறுத்து மருதாத்தா," என்றார் கோபிநாத். "ஏழாயிரத்து நூறு குடுத்து எடுத்திருக்கறே. நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். ரூல்."

ஜோமோன் பாய்ந்தான். "ரூலா? அன்னைக்குப் பிக்பாக்கெட்டுன்னு சொன்னது யாரு? ரெண்டு செகண்டுல அடிச்சது களவுதான். சேச்சி, மூணு தரம் சொல்லிரு."

"கோடதிக்குப் போனாலும் நிக்காதுன்னு சொன்னவன் நீதானடா."

"அது பாம்பேக்காரன் எடுத்தப்போ."

"பாம்பேக்காரன் கை வேற, இவ கை வேறயா?"

"வேறதான். அவனுக்கு அது டப்பா."

"ஆறு வருசம் பாத்தவளுக்குத்தான் அருமை தெரியும்," என்றார் ஒரு சுமைக்காரர். "ரெண்டு வயசுல என்ன தெரியும்," என்று இன்னொருவர் ஒத்து ஊத, "உன்னைய ரெண்டு வயசுல போட்டுட்டுப் போயிருந்தாத் தெரியும்," என்று டீக்கடைக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார்.

"அங்க என்ன சண்டை?" என்று கைபேசி கேட்டது. ஒருவர் காதிலும் விழவில்லை.

மருதாத்தாள் டம்ளரை இறக்கவில்லை, மூணாம் தரமும் சொல்லவில்லை. டீ தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது. வெறும் டம்ளரைக் குடித்துக்கொண்டு, புருவத்து வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இழுபறியில் கோபிநாத்தின் தோள் துண்டு தராசில் விழுந்தது. டப்பாவோடு சேர்த்து முந்நூற்று நாற்பது கிராம் என்று காட்டியது. துண்டு மட்டும் எவ்வளவு இருக்கும் என்று ஜோமோன் கேட்டான். நூறு என்றார் கோபிநாத். உம்ம தராசு என்றைக்கு உண்மை பேசியது என்றான் ஜோமோன். அதற்கப்புறம் டப்பாவை யாரும் நினைக்கவில்லை, வெண்டைக்காய் மூட்டைகள் பறக்க ஆரம்பித்தன.