தம்பியின் சம்பாவும் தீர்க்கதரிசியின் வாக்கும்

பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவன் நான். கள்ளத் தீர்க்கதரிசியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். சொந்தத் தம்பியிடம் அது எடுபடவில்லை.

தம்பி மனைவியை இழந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நீடாமங்கலம் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தான். அந்த வருடம் அவனிடம் இருந்ததெல்லாம் அந்தப் பயிர்தான். தை மாதம் கதிர் முற்றி நின்றது. எங்கள் பக்கம் அறுவடை மெஷினுக்கு முறை கிடைப்பதே பெரும்பாடு. அவனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

திங்கட்கிழமை அவனுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடத்துபவர். பெயருக்கு முன்னால் தீர்க்கதரிசி என்று தானே போட்டுக்கொண்டவர். பத்து நாள் உபவாசம் இருந்துவிட்டு அறு, அதுவரை உன் வயலில் ஒரு துளி விழாது என்று வாக்குச் சொன்னாராம். இவன் தன் முறையைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டான்.

வானிலை அறிக்கையைக் காட்டினேன். வேதாகமத்தில் உபாகமத்தையும் எடுத்துக் காட்டினேன். ஒருவன் கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொன்னதல்ல, அவனுக்குப் பயப்படவேண்டாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. நடக்குதா இல்லையான்னு பார்ப்போம் என்றான். அந்தச் சோதனையில் இதுதான் சங்கடம், மழை பெய்து முடிந்த பிறகுதான் விடை தெரியும்.

ஐந்தாம் நாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பயிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிரிலேயே நெல் முளைவிட்டது. உன் விசுவாசத்தில் குறை இருந்தது என்று மண்டபத்துக்காரர் விளக்கம் சொன்னார். இந்த விளக்கத்தை எத்தனை பேர் வாயால் கேட்டாயிற்று. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறும் தம்பி கோயிலுக்கு வரவில்லை, மயிலாடுதுறைக்கு பஸ் ஏறக் கிளம்பிக்கொண்டிருந்தான். இன்னுமாடா அந்த ஆளை நம்புகிறாய் என்று கேட்டேன்.

"இல்லண்ணே, அவரு சொன்னது பொய்தான். அது எனக்கே தெரியுது. ஆனா அவ போனதிலேருந்து தினமும் போன் போட்டு, சாப்பிட்டியான்னு கேக்குறது அவரு ஒருத்தருதாங்க."

என் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது.