டெய்லர் சவரிமுத்துவின் கத்தரிப் பாத்தி

நேற்றிரவு டெய்லர் சவரிமுத்து காலமானார்.

காலையில் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது கிணற்றடியில் நின்றிருந்தேன். நேரே இந்த அறிவிப்புப் பலகைக்கு வந்தேன்.

வழக்கமாக இந்தப் பலகையில் தண்ணீர் முறையைத்தான் எழுதி ஒட்டுவேன். தோட்டத்துக்கு வரும் நண்பர்கள் இன்று இதைப் படியுங்கள்.

யுத்தத்தில் துணி கிடைக்காமல் அவருடைய மெஷின் ஓய்ந்து கிடந்த சமயம் அது. சங்ககிரியில் இந்தக் காலி மனையில் பலர் சேர்ந்து காய்கறி போடுகிறோம் என்று கேள்விப்பட்டு, எங்களிடம் ஒரு பாத்தி கேட்டு வந்தார். முகத்தில் களையே இல்லை.

முதல் நாளே அளவு நாடாவை விரித்துக் கத்தரி நாற்றுக்கு இடைவெளி பார்த்தார். பக்கத்துப் பாத்தி ராமாயி அக்கா பரம்பரையாகக் காடு தோட்டம் உள்ளவர். சிரிப்பை அடக்கவில்லை.

"ஏனுங்க டெய்லரே, செடிக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?"

"ஆமாங்கக்கா. வளர்ற புள்ளைங்க... கொஞ்சம் லூசாவே வெச்சிருக்கேன்."

அந்தப் பருவம் காயெல்லாம் சொத்தை. பனி காயுமுன் சாம்பல் தூவுவதை அக்கா அவருக்குக் காட்டிக்கொடுத்தார். ரவிக்கைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பதை அவர் அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தார்.

அடுத்த பருவத்தில் காயும் வந்தது, அவருக்குச் சிரிப்பும் வந்தது. கேட் வரை கேட்கும் சிரிப்பு.

போன மழைக்காலத்தில் வாதம் வந்து ஒரு கால் விழுந்துவிட்டது. வாரம் ஒரு முறையாவது தம் கையால் வேலை செய்யாதவரின் பாத்தி அடுத்தவருக்குப் போகும் என்பது நம் விதி. எழுதியவன் நான்தான்.

கமிட்டியைக் கூட்டி, அவருக்கு மட்டும் விலக்கு என்று தீர்மானம் போட்டு, வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்!

"சலுகை குடுத்தா நான் சீக்காளிங்க, செக்ரட்டரி சார். வேலை செஞ்சா மெம்பருங்க. என்னைச் சீக்காளி ஆக்கிராதீங்க."

தீர்மானத்தை ரத்து செய்தோம்.

அதன்பின் வாராவாரம் அக்கா வீட்டு எருவண்டியில் வந்தார்.

"எருவோட எருவா வாரீங்களே டெய்லரே!"

"உங்க ஊட்டு எரு மாதிரி வருமாங்கக்கா? மூணு தெருவுக்கு முன்னாலயே நான் வாரது எல்லாருக்கும் தெரிஞ்சுருதே!"

பலகை போட்டு உட்கார்ந்து களை எடுப்பார். முடிந்ததும் மண் ஒட்டிய கையை என்னிடம் நீட்டுவார்.

"பாத்துக்கிட்டீங்களா சார்?"

பார்த்துக்கொண்டேன் என்று நான் வாய்விட்டுச் சொன்னால்தான் வண்டி ஏறுவார்.

இந்தத் திங்கட்கிழமையும் வந்தார். மடி நிறையக் காய் பறித்தார்... நாலு புல் பிடுங்கினார். நான் பார்த்தேன்.

ஆகவே இந்த வாரம் முடியும்வரை, விதிப்படி, அந்தப் பாத்தி அவருடையது. பாத்திக்காகக் காத்திருப்பவர்கள் அதுவரை பொறுத்துக்கொள்ளவும்.

இன்று மாலை அடக்கம். மண்வெட்டிகளைக் கழுவி வைத்துவிட்டு எல்லோரும் வாருங்கள்.

போய் வாருங்கள், மெம்பர் சவரிமுத்து.