ஏகநாதனின் லாரி கிளம்பவில்லை

ஏகநாதன் லாரி ஓட்டுவார். அறுபத்திமூன்று வயதில், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக, வெலிங்டன் பக்கம் எங்கள் சரிவில் இருக்கும் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டே ஐரோப்பா முழுக்க ஓட்டுவார். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனால் அவர் காதில் விழும்படி அதை விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. ஆளில்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். திரும்புவதற்கு அரை பர்லாங் முன்பே இண்டிகேட்டர் போடுவார். நாற்பதுக்கு மேல் போகவே மாட்டார். அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஜெர்மன் கார்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் பாலன், அடுத்த வீட்டுக்காரன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். அவர் ஃபோர்மேன், நான் ஸ்டோரில் உதவியாளர். தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஒரு சாயங்காலம் ஸ்டோரில் மேசை ஃபேனை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் அவர் ரெஜிஸ்டரில் எழுதினார்: ‘காரணம்: மனிதத் தவறு. நபர்: பாலன்.’ அதோடு விட்டாரா? அதை நகலெடுத்து நோட்டீஸ் போர்டில் ஒரு வாரம் ஒட்டி வைத்தார். இன்றைக்கும் குன்னூர் மார்க்கெட்டில் பழைய ஆட்கள் என்னை ‘ஃபேன் பாலன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் தொழிற்சாலையை விட்டு வெளியே வரவில்லை. காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ‘பற்ற வைக்கும் முன் கவனி’ என்று காகிதம். குளியலறைக் கதவில் ‘தரை வழுக்கும்’ என்று காகிதம். ராத்திரி எட்டு மணி ஆனால் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். வேலை முடிந்த கட்டடத்தில் கரன்ட் ஓடக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் எட்டு மணிக்கு அவர் வீடு இருண்டால் எங்கள் தெருவில் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். மனைவி போன பிறகு அதைத் தட்டிக் கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

ஒரே மகள் ராஜி. அயர்லாந்தில் நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய், பதிவுத் திருமணம் செய்துகொண்டு, போனில் சொன்னாள். இவர் ரிசீவரை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவளிடமிருந்து போன் வரவில்லை, இவரும் கூப்பிடவில்லை. இவரிடம் செல்போன் கிடையாது. தொழிற்சாலை வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தினமும் கொடுத்து வாங்கும் பொருள் எதற்கு என்று கடைசிவரை வாங்கவே இல்லை. வீட்டில் லேண்ட்லைன் மட்டும். அந்த எட்டு மாதமும் அந்தப் போனை அவர் துடைத்துத் துடைத்து வைத்தார். என்னிடம் மட்டும் ஒரு நாள், “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்புட்டிருக்கலாமுங்க அவ,” என்றார்.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. ‘அப்பா, போனில் நமக்குப் பேச வராது. லூயிஸிடம் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். லாரி ஓட்டும் ஆட்டம். நீங்கள் ஒரு லாரி, நான் ஒரு லாரி. பேசத் தோன்றினால் பேசலாம்.’

லூயிஸ் எங்கள் பகுதிக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிறவன், ராஜியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, பேச மைக்கும் கேட்க ஸ்பீக்கரும் சேர்த்து மாட்டினான். முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் நூறு கிலோமீட்டர் போனார்கள். இரண்டாவது வாரம் அவள், “அப்பா, இடது பக்கம் ஒதுங்காதீங்க, இந்த ஆட்டத்து ரோட்டுல வலது பக்கம் போகோணும்,” என்றாள். அப்படியே பிடித்துக்கொண்டது. எதிரெதிரே முகம் பார்க்க வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்தால் போதும். ஞாயிறு மாலை நான்கு மணி என்றால் இவருக்கு அது டூட்டி மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிகிற நேரத்தில் ராஜி சொன்னாள்: “அடுத்த வாரம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்ப்பா. கண்டிப்பா வந்துருங்க.”

புதன்கிழமை இவர் வண்டியைச் சும்மா ஒரு பார்வை பார்த்து வைக்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். ஆட்டம் கிளம்பவில்லை. சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. ‘பாதுகாப்பு இல்லை’ என்று படித்ததும் முப்பத்துநாலு வருடப் பழக்கம் எழுந்து நின்றுவிட்டது. நான் வாசலுக்கு வந்து பார்க்கிறபோது மனிதர் என் பேரிக்காய் மரத்தடியில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங்கண்ணா, என்னாச்சு?”

“ஊட்டுக்குள்ள பாதுகாப்பு இல்லீன்னு காட்டுதுங்க. வெளியேறிட்டேன்.”

உள்ளே போய்ப் பார்த்து, வெடிக்கிற விஷயம் ஒன்றுமில்லை என்று நான் உறுதி சொன்ன பிறகுதான் வந்தார். வந்தவர் முதலில் செய்தது, ஒரு புது நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுதான். தேதி, பழுது, எடுத்த நடவடிக்கை, காரணம், நபர். ‘நபர்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய நோட்டீஸ் போர்டு ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை அவர் கண்டுபிடித்த காரணம் ஈரம். எங்கள் ஊரில் அது தப்பான சந்தேகமும் இல்லை. இங்கே மழைக்காலத்தில் பீரோவுக்குள் பல்பு எரியவிடாவிட்டால் பட்டுப்புடவையில் பூஞ்சணம் பூத்துவிடும். அதனால் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அறுபது வாட்ஸ் பல்பை எரியவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்திவிட்டார். சாயங்காலம் கம்பளியை விலக்கியபோது பெட்டி இட்லிப் பானை மாதிரி சுட்டது. ஆட்டம் மட்டும் கிளம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அறிவு சொல்ல நான் போனேன். “அணைச்சுப் போட்டுப் பாருங்கண்ணா. எல்லாத்துக்கும் அதுதான் வைத்தியம்.” அணைத்துப் போட்டார். சரியாக வரவில்லை. “முழுசா அணைக்கோணும்ங்க. பிளக்கைப் புடுங்கி, பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க,” என்றேன். அன்றைக்கு மட்டும் ஏழு தடவை பிளக்கைப் பிடுங்கினார். ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதினார். ‘ஆலோசனை: பாலன்’ என்று எழுதியதையும் பார்த்தேன்.

சனிக்கிழமை மனிதர் சோறு தின்னவில்லை. “லூயிஸைக் கூப்பிடலாமுங்க,” என்றேன்.

“நாளைக்கும் வண்டி போகலீன்னா அவ என்ன நெனப்பா சொல்லுங்க. மறுபடியும் அப்பன் ரிசீவரை வெச்சுட்டான்னு நெனப்பா.” குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஒண்ணு கேக்கோணும்னு சொன்னாளுங்க. அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டு எத்தனை வருசமாச்சு.”

“அப்ப நீங்களே ஒரு போன் போடுங்களே.”

“போன்ல எங்களுக்கு வராதுங்க, பாலன்.”

நானே போய் லூயிஸிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

லூயிஸ் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, மூன்று மணிக்கு வந்தான். ஏகநாதன் நோட்டை நீட்டினார். அவன் நான்கு பக்கத்தையும் மரியாதையாகப் படித்தான். பிறகு திரையைப் பார்த்தான். திரையின் கீழே வலது மூலையில் ஏகநாதன் ஒட்டியிருந்த காகிதம்: ‘W முன்னால். S பின்னால். H ஹாரன், தேவையின்றி அடிக்கக் கூடாது.’ எந்த இயந்திரமானாலும் இயக்கும் முறை அதன் மேலேயே ஒட்டப்பட்டிருக்க வேண்டும், அதுவும் சட்டம்.

“இதை எடுக்கலாங்களா அங்கிள்?”

“பசையில ஒட்டியிருக்கு, பாத்து.”

உரித்தான். அடியில் தேதி தெரிந்தது. 2012, ஜனவரி 1.

“அங்கிள், உங்க கம்ப்யூட்டர் பதினாலு வருசம் பின்னாடி இருக்கு. இந்தத் தேதியில போய் நின்னா சர்வர் உள்ளேயே விடாது. நாள் தப்பான பாஸை வெச்சுக்கிட்டு ஃபேக்டரி கேட்டுல நிக்கற மாதிரி.”

ஏகநாதனுக்கு உடனே புரிந்தது. நாள் தப்பான பாஸோடு வந்த எத்தனை பேரை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

லூயிஸ் பெட்டியைத் திறந்து, காசு அளவில் இருந்த ஒரு பேட்டரியை நெம்பி எடுத்தான். “இது செத்துப்போச்சு. கரன்ட் இல்லாத நேரத்துல தேதியை ஞாபகம் வெச்சுக்கறது இதுதான். ஆனா பிளக்குல கரன்ட் இருந்தா இது செத்தாலும் தேதி போகாதே. யாராச்சும் கரன்டை முழுசா கட் பண்றீங்களா?”

நான் என் ஏழு பிளக்குகளை நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஏகநாதன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“தெனமும் ராத்திரி எட்டு மணிக்கு மெயினை இறக்கிருவேன். முப்பத்துநாலு வருசத்துல ஒரு நாள் தவறினதில்லை.”

லூயிஸ் புதுப் பேட்டரியை வைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டான். “அப்ப ராத்திரி உங்களுக்குப் போனும் வராதுங்களே?”

“எதுக்கு வராது? போனுக்குக் கரன்ட் எதுக்கு?”

“அது பழைய போனுங்க அங்கிள், செம்புக் கம்பி. மூணு வருசம் முன்னாடி ஃபைபர் போட்டேனே, இப்ப போன் இந்த மோடத்துல இருந்துதான் வருது. கரன்ட் இல்லீன்னா மோடம் இல்ல, மோடம் இல்லீன்னா போன் இல்ல. அன்னைக்கே சொன்னேன், கரன்ட் போனா போனும் போயிரும்னு.”

“கரன்ட் எங்க போச்சு? நானில்ல அணைச்சேன்,” என்றார் ஏகநாதன்.

மோடத்தைப் பார்த்தார், துடைத்துத் துடைத்துப் பளபளத்த போனைப் பார்த்தார், சுவரில் மெயினைப் பார்த்தார். அந்த வரிசையில்தான் பார்த்தார். அயர்லாந்தில் ராஜிக்கு டூட்டி முடிகிற நேரம் நமக்கு ராத்திரி ஒன்பதரை என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

நான்கு மணிக்கு ஆட்டம் கிளம்பியது. எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் நீல லாரி நின்றுகொண்டிருந்தது, ராஜியுடையது. இவருடைய பச்சை லாரி இண்டிகேட்டர் போட்டு அதன் பின்னால் சேர்ந்தது. நானும் லூயிஸும் எழுந்தோம். ஏகநாதன் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

கொஞ்ச தூரம் போனார்கள்.

“அப்பா,” என்றாள் ராஜி. “அடுத்த வாரத்துல இருந்து எனக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி மாத்திட்டாங்க. இனிமே சாயங்காலம்தான் வர முடியும். உங்களுக்கு ராத்திரி ஒம்பதரை ஆயிரும். உங்க மெயின் விசயம் எனக்குத் தெரியும். வாரத்துல ஒரே ஒரு நாள் அணைக்காம இருப்பீங்களா? முடியாதுன்னா சொல்லிருங்கப்பா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

பச்சை லாரி நாற்பதிலிருந்து இருபதுக்கு வந்தது.

“ராஜி, நான் போனை வெச்சதுக்கப்பறம் நீ எப்பவாச்சும் கூப்புட்டியா கண்ணு?”

நீல லாரியும் வேகம் குறைந்தது.

“பதினாறு நாள் கூப்புட்டேன். டூட்டி முடிஞ்சு தெனமும். இந்த இணைப்பு வேலை செய்யலீன்னே வந்துச்சு. நீங்க வயரைப் புடுங்கிட்டீங்கன்னு விட்டுட்டேன்.”

ஏகநாதன் பிரேக்கை அழுத்தினார். இண்டிகேட்டர் போடவில்லை. ஓரம் ஒதுங்கவில்லை. நெடுஞ்சாலை நடுவில் நிறுத்திவிட்டார். பின்னால் வந்த காரெல்லாம் ஹாரன் அடித்தது. ஒன்று வந்து இடித்தே விட்டது.

“நான் புடுங்கலைம்மா,” என்றார். “மெயினைத்தான் இறக்கினேன். போனும் சேர்ந்து சாகும்னு எனக்குத் தெரியாது. நீ கூப்புடவே இல்லீன்னு நானும் எட்டு மாசம் அந்தப் போனைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்.”

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்பா, நடுரோட்டுல நிக்கறீங்க, ஓரங்கட்டுங்க,” என்றாள்.

லூயிஸும் நானும் இந்தத் தடவை எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

ஆறரைக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் நோட்டிலிருந்து கிழித்த பக்கம். ‘பழுது: லாரி கிளம்பவில்லை. போன் எட்டு மாதம் வரவில்லை. காரணம்: மனிதத் தவறு. நபர்: ஏகநாதன்.’ கையெழுத்தும் போட்டிருந்தது.

“ஒரு வாரம் உங்க கேட்டுல ஒட்டுங்க, பாலன். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் காத்திருந்த காகிதம் அது. பசைகூட வீட்டில் இருந்தது. ஆனால் கை போகவில்லை. பீரோவில், பல்புக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பால் வாங்கிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மெயின் சுவிட்ச் மேலே ஏறியே இருந்தது. அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை கட்டியிருந்தது. லைனில் ஆள் வேலை செய்யும்போது, வேறு யாரும் சுவிட்சைத் தொடாதபடி தொழிற்சாலையில் கட்டுவோமே, அந்த அட்டை. கட்டியவரைத் தவிர யாரும் அதை அவிழ்க்கக் கூடாது. அதில் அவருடைய ஃபோர்மேன் கையெழுத்தில் எழுதியிருந்தது: ‘ராஜி கூப்பிடுவாள். எந்த நாளும் அணைக்கக் கூடாது.’