லாட்டரியை எடுப்பதா, விடுவதா?

அச்சடித்த தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நீலம் சிவப்பை விட்டு விலகியிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் போர்மேன். விலகியிருந்தால் உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான், மெஷினை நிறுத்திவிடுவார்கள். வாய் திறந்து அவர் யாரையும் திட்டியதில்லை.

அச்சகத்தின் கிரிக்கெட் அணிக்கும் அவரே கேப்டன், விக்கெட் கீப்பர். விரல்கள் நாலா பக்கமும் கோணியிருக்கின்றன. பாதிக் கோணலுக்குக் காரணம் அவர் மனைவியின் தம்பி; பைண்டிங் பிரிவில் வேலை, மைதானத்தில் வேகப்பந்து. ஒரு வாரம் எதிரணியைச் சுருட்டிவிடுவான். மறு வாரம் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. பட்டப்பெயர் ‘லாட்டரி’.

போன ஆட்டத்தில் வைடாகப் போட்டுத் தள்ளினான். “மச்சான்ங்கிறதாலதானே வச்சிருக்கீங்க?” என்று மை கலக்குகிறவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். வீட்டில் மனைவி அதற்கும் மேலே: “எனக்காகப் பாக்காதீங்க. தூக்கிடுங்க. அவனால எனக்குத்தான் தலைகுனிவு.”

“தூக்குறது பெரிய வேலையா? கை நல்லாத்தான் இருக்கு. எங்க கோணுதுன்னுதான் பிடிபட மாட்டேங்குது” என்றார், அணிக்கு ஸ்கோர் எழுதும் என்னிடம்.

பிடிபட்டது தற்செயலாக. பயிற்சியின் நடுவில் கிளவுஸை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். குழாயடியிலிருந்து பார்த்தால், பந்து ஒவ்வொன்றும் ஸ்டம்பை உரசிக்கொண்டு போகிறது! திரும்பி வந்து குனிந்து நின்றார், உடனே வைடு. பந்து போன திசையை மச்சான் பார்க்கவே இல்லை. அவன் கண் இவரின் பிதுங்கிய உதட்டில் இருந்தது.

“அட, என் மூஞ்சியப் பாத்துட்டுல்ல அடுத்த பந்து போடுறான்!”

இறுதி ஆட்டத்தில் லாட்டரியும் உண்டு என்றதும் அணியே முணுமுணுத்தது. “இன்னிக்கும் சொதப்பினான்னா அவனும் வேண்டாம், கேப்டனா நானும் வேண்டாம். போதுமா?” என்றவர், கிளவுஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பவுண்டரிக் கோட்டுக்கு நடந்தார்.

முதல் பந்து வைடு. லாட்டரி திரும்பி, அத்தனை தூரத்திலும் அத்தானின் முகத்தைத் தேடினான். போர்மேன் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார்.

அடுத்த பந்தில் நடு ஸ்டம்ப் பறந்தது. மை கலக்குகிறவர்தான் முதலில் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். அந்தக் கூட்டத்துக்கு மேலே எம்பி, லாட்டரி மறுபடி பவுண்டரிப் பக்கம் பார்த்தான்.

போர்மேன் நிமிரவில்லை. கட்டிய முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.