முந்தலுக்கு இன்னொரு வயர்

மளிகைக் கடைக்காரரிடம் கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போகலாம். இன்டர்நெட் லைன் இழுக்கிற எங்கள் தொழிலில் வாடிக்கையாளருக்கு அந்தச் சுகம் கிடையாது. போடியிலிருந்து முந்தல் வரைக்கும் மலையடிவாரத்தில் கம்பம் ஏறுகிறவன் நான். மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டு விரல் தேய்ந்தவர்களே, நீங்கள் திட்டுகிற ஆள் நான்தான். என் வீட்டிலும் அதே லைன்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புதுக் கம்பெனி

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், லைன் அடிக்கடி போகிறதென்று எங்களை வெட்டிவிட்டு வேறொரு கம்பெனிக்கு மாறினார். மாறிய சந்தோஷத்தில் எனக்கே போன் போட்டு அதைச் சொல்லவும் செய்தார். அந்தக் கம்பெனிக்கு இந்தப் பக்கம் சொந்தமாக ஒரு முழம் வயர்கூடக் கிடையாது, எங்கள் வயரைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறது என்பது பாவம் அவருக்குத் தெரியாது. ஆளும் எங்கள் ஆள்தான். மறுநாள் அவர்கள் கொடுத்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நின்றேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடப்பாவி, சட்டைய மட்டும்தான்யா மாத்தியிருக்கீக!"

நம்பர்

முந்தலில் செல்வி என்று ஒரு பெண். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அம்மா விடியும் முன்பே ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போய்விடுவார். அப்பா இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடக்கிறார். பகலில் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க இவள்தான். லைன் இப்படியே அறுந்துகொண்டிருந்தால் சென்னைக்கே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. கேட்க எனக்கே பாவமாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போகிற வயரோ ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் கந்தலாகிவிட்டது. புது வயர் கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார் மேனேஜர்.

புகார் வந்தால் குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று அரசாங்க விதி இருக்கிறது. அதற்கு எங்கள் ஆபீஸ் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. லைன் சரியான பிறகு எங்களிடம் சொல்வதற்கென்று புகார் கொடுத்தவரின் செல்போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை முதலில் வாங்கிப் போட்டுப் புகாரை முடித்துவிட வேண்டும். வயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செல்வியிடமும் நம்பரைக் கேட்டேன். அவள் செல்போனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"தாலி கட்டுறதுக்கு முன்னாடியே மொய் கேக்குறீகளேண்ணே!"

டெல்லி

நம்பரைத் தராததோடு நிற்காமல், டெல்லியில் மத்திய சர்க்காருக்கே இன்டர்நெட்டில் புகார் எழுதிவிட்டாள். லைன் வந்த நேரம் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். அது டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து போடி என்று இறங்கி, கடைசியில் என் செல்போனில் வந்து மணி அடித்தது. அப்போது நான் அவள் வீட்டு முன்னால்தான் கம்பத்தின் உச்சியில் இருந்தேன். கை இரண்டிலும் வேலை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். "மேலிடத்துப் புகார்ப்பா, வெரசா முந்தலுக்குப் போ" என்றார் மேனேஜர். கீழே நின்ற செல்விக்கும் அது கேட்டுவிட்டது.

"டெல்லி வரைக்கும் போய்ட்டு வந்தும் உங்க ஏணிக்குத்தான் வந்து சேந்திருக்காண்ணே?"

குறைதீர் நாள்

இதற்கிடையில் நிஜமாகவே இன்னொரு கம்பெனி சொந்த வயர் இழுக்க வந்தது. கரண்ட் கம்பத்தில் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு அவர்கள் கொடுத்த மனு ஏதோ ஒரு மேசையில் தூங்கியது. எல்லாக் கம்பெனிக்கும் பாரபட்சமில்லாமல் இடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. விதி விழித்துத்தான் இருந்தது, மனுதான் தூங்கியது. அதை எழுப்புவதற்காக, பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, செல்வி லீவு போட்டுத் தேனிக்குப் போனாள், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு. எங்கள் தரப்பில் பதில் சொல்ல வேண்டிய மேனேஜருக்கு அன்றைக்கென்று வயிற்றுவலி வந்துவிட, போனவன் நான். எந்தக் கம்பெனி மேலம்மா குறை என்று அதிகாரி அவளைக் கேட்டார். நான் முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எந்தக் கம்பெனி மேலயும் குறை இல்லைங்கய்யா. ரெண்டாவது கம்பெனி இல்லைங்கிறதுதான் குறை."

ஸ்டாக்

மனு எழுந்து உட்கார்ந்துவிட்டது. சொந்த வயர் இழுக்க வந்த கம்பெனிக்காரன் செல்வி தெருவில் ஏணி சாய்த்த அன்று சாயங்காலமே, இல்லவே இல்லை என்ற வயர் எங்கள் குடோனில் சுருள் சுருளாகக் கிடைத்தது. மேனேஜரே தோளில் போட்டுக்கொண்டு வந்தார், வயிற்றுவலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. முந்தல் முழுக்கப் புது வயர் இழுத்தேன். மாதக் கட்டணமும் குறைந்தது.

அதற்குப் பிறகு செல்விக்கு லைன் அறுபடவில்லை. சென்னைக்கு வா என்ற பேச்சும் நின்றது. அப்பாவின் கட்டிலோரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவள் வேலை பார்ப்பதைக் கண்டபோது, நான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம். அந்த மிதப்பில், இனி எங்களை விட்டுப் போகமாட்டாயே என்று கேட்டுவிட்டேன்.

"போகலண்ணே. ஆனா அவுகளையும் போக விட்டுராதீக; அவுக போய்ட்டா நீங்க பழையபடி ஆயிருவீக."

குரங்கும் மழையும் மின்னலும்தான் நெட்டைக் கெடுக்கின்றன என்று இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்தோம். அவையெல்லாம் மலையில் அப்படியேதான் இருக்கின்றன, நெட் மட்டும் எப்படியோ நிற்காமல் வருகிறது.