கிணற்றுச் சுவரிலிருந்து வந்த பெரணி

கல்யாணமாகிச் சீர்காழிக்குக் கிழக்கே ஒரு ஊருக்குப் போனபோது எனக்கு இருபது வயது. மாமனார் மாமியார் இல்லை. பெரிய வீட்டில் நானும் கணவரும் மட்டும். அவர் விடிந்ததும் வயலுக்குப் போவார், மாலையில் மிராசுதார்கள் கூட்டத்துக்குப் போவார். கூலியை உயர்த்தச் சொல்லி வரப்புகளில் சிவப்புக் கொடி ஊன்றிய காலம் அது. புதிதாக வந்த ஆட்சி யார் பக்கம் என்று ஆண்கள் ஓயாமல் பேசினார்கள். வீட்டுக்குள் என்னிடம் பேச யாரும் இல்லை.

பேசியது ஒருத்திதான். மாட்டுக் கொட்டிலைக் கூட்ட வருபவள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் நான் அவளை 'வா, போ' என்றுதான் சொன்னேன். அவள் என்னைச் 'சின்னம்மா' என்பாள்.

ஒரு கோடையில் அவள் கணவர் எங்கள் கிணற்றில் தூர் வார இறங்கினார். உள்சுவரின் செங்கல் இடுக்குகளில் பெரணி அடர்ந்திருந்தது. அதையும் சுரண்டச் சொல்லியிருந்தார் என் கணவர். மேலே வந்த சேற்று வாளியில் ஒரு கொத்து கிடந்தது. தலைமுடி போல மெல்லிய கறுப்புக் காம்பு, அதில் சின்னச் சின்னப் பச்சை இலைகள்.

"தொட்டியில வச்சா புடிக்குமா?" என்று மேலே வாளி இழுத்துக்கொண்டிருந்த அவளைக் கேட்டேன்.

"வெயில் காட்டாம, ஈரம் காயாம வச்சுப் பாருங்க சின்னம்மா," என்றாள்.

வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி வெயில் படாத ஒரு சந்து இருந்தது. உடைத்த செங்கல்லும் கரித்துண்டும் தொட்டியின் அடியில் போட்டு, மூங்கில் கொத்துக்குக் கீழே மக்கிய இலையை அள்ளி வந்து நிரப்பினேன். முதலில் வைத்தவை அழுகின. தண்ணீரை அளவில்லாமல் ஊற்றியிருக்கிறேன். மறுபடி வைத்ததில் மூன்று பிழைத்தன. ஆடியில் மேல்காற்று ஒரு நாள் அடித்தால் போதும், இலை ஓரம் கருகிவிடும். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். மறு வருஷம் ஈரச் செங்கல்லின் மேல் தானாகவே குட்டிப் பெரணிகள் முளைத்தன. அன்றைக்கு மட்டும் எனக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது.

கணவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "பூக்காது, காய்க்காது. இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார். எங்களுக்கு ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. அவர் செடியைத்தான் சொல்லியிருப்பார். நான் அன்று சாப்பிடவில்லை.

அந்த வருஷச் சம்பா அறுவடையின்போது ஆட்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், போலீஸ் லாரி வந்து நின்றது.

"நாளையிலேருந்து வரமாட்டேன் சின்னம்மா. எங்க தெருவுல முடிவு பண்ணிட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கொட்டிலை நானே கூட்டினேன். நாள் முழுக்க வாய் திறக்காமலே போன நாட்கள் உண்டு. இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு நன்றாகத் தழைத்த ஒரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி அவர்கள் தெருவுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அங்கே நடந்து போனதில்லை. தெருவில் ஒரு மரம்கூட இல்லை. குடிசை வாசலில் அவள் எழுந்து நின்றாள்.

"உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன்," என்றேன். அந்த 'உங்களுக்கு' நான் யோசிக்காமல் வந்தது.

அவள் தொட்டியைப் பார்த்தாள். "எங்க வைப்பேன், சொல்லுங்க. நெழலு குடிசைக்குள்ளதான் இருக்கு. தண்ணி வாய்க்கால்லேருந்து தூக்கியாறோம். உங்க கெணத்துல எறங்கித் தூர் வாருனது எங்க ஆளு. ஒரு கொடம் மொண்டுக்கத்தான் விடல."

கோபமாகச் சொல்லவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. வெயில்ல வாடுது," என்றாள்.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. கணவர் திட்டவில்லை. பல நாட்கள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கூலி ஒப்பந்தமாகி ஆட்கள் வயலுக்குத் திரும்பினார்கள். அவளும் நடவுக்குப் போனாள். எங்கள் வீட்டு வேலைக்கு வரவில்லை. அந்தக் கோடையில் வாய்க்கால் வறண்டதும், கணவர் இல்லாத பகல் வேளையில் நான் கிணற்றுக்குப் போகும் கொல்லைக் கதவைத் திறந்துவைத்தேன். அவர்கள் தெருவுக்குச் சொல்லியும் அனுப்பினேன். முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி வந்து மொண்டார்கள். பிறகு ஏழெட்டுப் பேர். கணவருக்குத் தெரிந்தபோது, "ஊர்ல நான் எப்படித் தலை நிமிர்வேன்?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்தவில்லை. அவரும் வந்து சாத்தவில்லை.

அவள் மட்டும் ஒரு நாளும் வரவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் தெருவிலேயே அடிபம்பு போட்டார்கள். மற்றவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். பகலெல்லாம் பெரணிக்குத் தண்ணீர் தெளித்தபடி தனியாக இருந்தேன்.

பல வருஷம் கழித்துச் சீர்காழி பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. மகள் தஞ்சாவூரில் நர்ஸுக்குப் படிப்பதாகச் சொன்னாள். ஹாஸ்டல் சாப்பாடு மகளுக்குப் பிடிக்கவில்லையாம். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவளுடைய நிறுத்தம் சீக்கிரம் வந்துவிட்டது.

"வரேங்க," என்று இறங்கினாள். காலியான இடத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.