அக்காவின் முகூர்த்தப் புடவையில் ஓடிய எலி

ஆரணியில் கரன்ட் போகாதா என்று காத்துக்கொண்டிருந்த ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. ஊரே கரன்ட் ஆபீசை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் பழைய டேப் ரெக்கார்டரில் புது பேட்டரி போட்டுக்கொண்டு, ஓடுகிற மின்விசிறியை ஆசையோடு பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

காரணம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். கூட்டமில்லாத ஒரு மதியம், வெளிநாட்டில் சிலர் செய்கிற வேலையைப் பற்றிப் படித்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதற்கு கேம் எழுதியவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து, வரலாறு அழியாமல் சேர்த்துவைக்கிறார்களாம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன், எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் இல்லையா?

அந்த ஒருத்தர் என் அக்கா புருஷன். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் துபாயிலிருந்து வந்த அவருடைய சிநேகிதர் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் என்றால் வெறும் விசைப்பலகைதான். டிவியில் மாட்டவேண்டும், பாட்டு கேட்கிற மாதிரியான கேசட்டைப் போட்டு அதிலிருந்து புரோகிராமை ஏற்றவேண்டும். அதில் மாமா தானே உட்கார்ந்து ஒரு கேம் எழுதினார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை ஓர் எலி கடித்துக்கொண்டே ஓடும், நாம் அதை விரட்டவேண்டும். ஆரணிக்காரர் வேறு எதை எழுதுவார்?

முதல் பேட்டியை மாமா வீட்டில் எடுத்தேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முக்கால் மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து கேட்டால் டக்கடி டக்கடி என்று பக்கத்து வீட்டு பவர் லூம்தான் பேசியிருந்தது. ஊடே மாமா ஒருமுறை இருமியது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. பவர் லூம் நிற்கவேண்டுமானால் கரன்ட் போகவேண்டும். அன்றிலிருந்து கரன்ட் போனால்தான் பேட்டி. கரன்ட் போனதும் மாமா தெருமுனையிலிருந்து ஓடிவருவார். தெருவில் இருந்தவர்கள், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எலிய எப்படி வரைஞ்சீங்க மாமா?"

"டிசைன் பேப்பர்லதான். புடவைக்கு கட்டம் போட்ட பேப்பர்ல ஒவ்வொரு கட்டமா ரொப்பிகினு வருவோம்ல? டிவியிலயும் அதே கட்டந்தாம்மா. எனக்கு பேஜாரே இல்ல."

அந்தக் கம்ப்யூட்டர் ஒருநாள் வோல்டேஜ் ஏறிப் புகைந்துபோனது. கேசட்டில் பூஞ்சை பிடித்து, டேப் ஒட்டிக்கொண்டு, குப்பைக்குப் போனது. அப்படியானால் கேம் இருந்ததற்கு என்னதான் அத்தாட்சி என்று கேட்டேன். மாமா சமையலறைப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அத உங்கக்காவ கேளு. நான் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணிக்கீறேன்" என்றார்.

அவருக்கு அத்தாட்சி அவ்வளவு தேவையாக இருந்தது. வரலாற்றுக்காக இல்லை. அவர் மகள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கேம் எழுதினார் என்பதை அவள் துளியும் நம்பவில்லை. "சித்தி, எங்கப்பாவுக்கு செல்லுல மெசேஜ் அனுப்பவே வராது. அவரு கேம் எழுதினாராம்!" என்று என் சென்டரில் எல்லார் முன்னாலும் சிரித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு மாமா வாசலில் நின்றிருந்தார். உள்ளே வராமலே போய்விட்டார். அந்தப் பெண் ஒரே ஒரு தடவை நம்பிவிட்டால் போதும், மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார்.

அத்தாட்சி என்னவென்று எனக்குச் சொன்னது, டிசைனைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை குத்திக்கொடுக்கிறவர். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டில் அந்த அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டால், ஓட்டைப்படி புடவையில் உருவம் விழும். மாமா தன் கல்யாணத்துக்கு, பெண்ணுக்கான முகூர்த்தப் புடவையின் கரையில் அன்னம் வரிசையாக வரவேண்டுமென்று தானே டிசைன் போட்டிருக்கிறார். எலியும் அதே வகைப் பேப்பரில், அதே மேசையில். கல்யாண அவசரத்தில் அன்னம் வீட்டில் தங்கிவிட்டது, எலி அட்டைக்குப் போய்விட்டது.

"அப்ப நீங்க குத்தினது எலியா?" என்று ரெக்கார்டரை நீட்டினேன்.

அவர் உஷாராகிவிட்டார். "நான் எலி குத்தினேன்னு போட்டுடாதம்மா, தொழிலு போயிடும். எனக்கு வந்தது கட்டம். கட்டத்துல எலி இன்னா, மயிலு இன்னா? எழுதிக்கோ, அது அன்னம்."

பட்டு நெய்து முடிந்து, முகூர்த்தமும் முடிந்து, மறுநாள் புடவையை மடிக்கும்போதுதான் அக்கா பார்த்திருக்கிறாள். கரை முழுக்க எலி. ஒன்றின் மூக்கில் அடுத்ததின் வால் இடித்துக்கொண்டு, தங்கச் சரிகையில் ஊர்வலம். மாமா உண்மையை ஒப்புக்கொண்டார். அக்கா அழவில்லை. எலி வாலைத் தூக்கிக்கொண்டு இருந்தது. வாலைக் கழுத்து என்று வைத்துக்கொண்டால் அன்னமாகிவிடும். கால் மட்டும் எலி போகிற பக்கமே இருந்ததால், முன்னால் நடந்தால் எலி, பின்னால் நடந்தால் அன்னம். "யாரு கேட்டாலும் இது அன்னம். நீங்க வாயத் தொறக்கக்கூடாது" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். அதன்பின் போளூரில் ஒரு கல்யாணம், கலசப்பாக்கத்தில் ஒரு வளைகாப்பு என்று எல்லா விசேஷத்துக்கும் அதையே கட்டிக்கொண்டு போனாள். 'அன்னம் பின்னாடி நடக்குதே' என்று கேட்ட ஒரு நாத்தனாரோடு பல வருஷம் பேசவில்லை.

அப்படிப்பட்டவளைப் பேட்டி எடுக்க நான் போனேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுப்பது எங்கள் குடும்பத்தில் என் பொறுப்பு.

கரன்ட் போனது. தெரு அமைதியானது. மாமா வெள்ளைச் சட்டையில் வந்து மூலையில் உட்கார்ந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"அக்கா, உன் முகூர்த்தப் புடவையில இருக்கிறது என்ன?"

"அன்னம்."

"மாமா எழுதின கேம் பத்தி ஏதாவது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜல்தி முடி, அடுப்புல கொழம்பு கீது."

கதவில் சாய்ந்திருந்த மகள் சிரித்துவிட்டாள். "சித்தி, பேட்டரிய ஏன் வேஸ்ட் பண்ற? அப்பா சும்மா உதார் விடறாரு. அம்மாவே தெரியாதுன்றாங்க பாரு."

மாமா கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தால் மகள் நம்புவாள். சத்தியம் போய்விடும். அந்த மனுஷன் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா அவரையே பார்த்தாள்.

பிறகு எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. புடவையைக் கொண்டுவந்து மகள் மடியில் போட்டு, கரையைப் பிரித்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாத்துக்கோ! இது இன்னா தெரியுதா?"

அதே நொடியில் கரன்ட் வந்தது. பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் தெரு எல்லா பவர் லூமும் ஒன்றாகக் கிளம்பின. அக்காவுக்கு நிறுத்துகிற உத்தேசம் இல்லை. தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"எலிடி! உங்கப்பா போட்ட எலி! டிவியில ஓட வுட்டாரு. கல்யாணமான புதுசுல நானே ஆடிகினு இருந்தேன். ஒருநாள்கூட அத நான் புடிச்சதில்ல. பாவு மொத்தத்தையும் தின்னுடும்!"

மகள் கரையில் விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாக எண்ணுகிறவளைப் போல நகர்த்திக்கொண்டே போனாள். கடைசியில் அப்பாவைப் பார்த்து, "அப்பா, இத எப்படிப்பா ஓட வெச்ச?" என்று கத்திக் கேட்டாள். மாமா கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ள மறந்து, காற்றில் கட்டம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்து டேப்பை ஓட்டினேன். 'அன்னம்' தெளிவாக விழுந்திருந்தது. 'இது இன்னா தெரியுதா' கூட விழுந்திருந்தது. அதற்குப் பிறகு டக்கடி டக்கடிதான். மறுநாள் ஓடினேன். "அக்கா, அதையே இன்னொரு தடவ சொல்லு."

"எத?"

"எலின்னு."

"எந்த எலி? அது அன்னம்" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

ஆரணியின் கம்ப்யூட்டர் கேம் வரலாற்றுக்கு அத்தாட்சி என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு கேசட்தான். மாமா அடிக்கடி வந்து போடச் சொல்வார். பேட்டி முழுக்கச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். 'இது இன்னா தெரியுதா' முடிந்து தறிச் சத்தம் தொடங்கியதும் கையை நீட்டி வால்யூமைக் கூட்டுவார்.